செரிமானப் பாதையில் மெதுவாக வளரும் டி அணு நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எத்தகைய நோய்?

வாயில் தொடங்கி ஆசனவாய் வரை நீளும் செரிமானப் பாதையின் உட்சவ்வில், உணவோடும் நீரோடும் உள்ளே நுழையும் கிருமிகளை எதிர்கொள்வதற்காக நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாக நிலைகொண்டிருக்கின்றன.  இவற்றுள் டி அணு எனப்படும் வெள்ளை அணு ஒன்று, தன் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்க, அந்த ஒரே மூல அணுவின் வழிவந்த அணுக்கள் உட்சவ்வில் அடர்ந்து சேர்வதே இந்த நோய். அந்த அணுக்கள் சிறியவை, முதிர்ந்த தோற்றம் உடையவை, மிக மெதுவாகப் பெருகுபவை. குடலின் சுரப்பிகளை அவை ஒதுக்கித் தள்ளுகின்றனவே தவிரப் பெரும்பாலும் அழிப்பதில்லை. குடற்சுவரில் ஆழமாக இறங்குவதும் அரிது. சிறுகுடலிலும் பெருங்குடலிலும் அதிகமாகக் காணப்பட்டாலும், இரைப்பை, உணவுக்குழாய், வாய் ஆகியவற்றிலும் வரலாம். ஒரே நோயாளிக்குப் பல இடங்களில் ஒருசேர இருப்பதும் உண்டு.

அப்படியானால் இது புற்றுநோய்தானா?

இதற்கு மருத்துவ உலகமே இரண்டு விடைகளைத் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது இதை ஒரு தனி நோயாகத் தற்காலிகமாக ஏற்று, லிம்போமா (நிணநீர் அணுப் புற்றுநோய்) என்று அழைக்காமல், நிணநீர் அணுப் பெருக்கக் கோளாறு என்று பெயரிட்டது. 2022-இல் அறிமுகமான ஐந்தாம் பதிப்பில், இந்நோய் பரவுவதும் தீவிரமாக மாறுவதும் அரிதாகவேனும் நிகழ்வதைக் கருதி, மெதுவாக வளரும் டி அணு லிம்போமா என்று மாற்றியது. அதே ஆண்டில் வெளியான பன்னாட்டு ஒருமித்த வகைப்பாடு, கோளாறு என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஆகவே, ஒரு பயாப்சி (திசுத் துணுக்குப் பரிசோதனை) அறிக்கையில் கோளாறு என்றும் மற்றொன்றில் லிம்போமா என்றும் எழுதப்பட்டிருந்தால், நோய் முற்றிவிட்டதாகவோ, இரு ஆய்வகங்களில் ஒன்று தவறு செய்துவிட்டதாகவோ கொள்ள வேண்டியதில்லை. பெயரைவிட, அணுக்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன, குடலுக்கு வெளியே சென்றுள்ளனவா என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நோயாளிக்குப் பயன் தரும்.

எவ்வளவு அரிதானது? யாருக்கு வருகிறது?

மிக மிக அரிதானது. குடல் நோய் மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் இத்தகைய நோயாளி ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறக்கூடும். இந்நோயைத் தெளிவாக வரையறுத்த ஆய்வு 2013-இல் பெர்ரி முதலானோர் ‘பிளட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. பல மருத்துவமனைகள் சேர்ந்து தேடியும் அதில் இடம்பெற்றவர்கள் 10 பேர்தாம். அவர்களில் ஆறு பேர் ஆண்கள், நான்கு பேர் பெண்கள். வயது 15 முதல் 77 வரை, நடு வயது 48. நடு வயதினரிடம் அதிகம் என்றாலும் இளம் வயதினரும் விலக்கல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

அறிகுறிகள் யாவை?

இந்நோய்க்கே உரிய அறிகுறி என்று எதுவும் இல்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, செரியாமை, வாந்தி, எடைக் குறைவு ஆகியவையே மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. சிறுகுடலில் பரவலாக இருந்தால் சத்துகள் உறிஞ்சப்படாமல் இரத்தச்சோகை, வைட்டமின் குறைபாடு, கால் வீக்கம் ஆகியவை தோன்றலாம். வேறொரு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்யும்போது தற்செயலாகத் தெரியவந்தவர்களும் இருக்கிறார்கள். அறிகுறிகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையால் குணமாகிவிட்டதாக நினைத்து நாளைக் கடத்துவது எளிது. நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கை எந்த வயதிலும் பரிசோதிக்காமல் விடக்கூடாது. அதற்குக் காரணம் இந்த நோயாக இருக்கும் என்பதல்ல, இதைவிடப் பன்மடங்கு பரவலான, முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய காரணங்கள் பல உள்ளன என்பதே.

எதனால் வருகிறது? உணவுப் பழக்கம் காரணமா? பிறருக்குத் தொற்றுமா?

தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் நோயாகவும் அறியப்படவில்லை. காரமான உணவோ, புளிப்போ, காப்பியோ இதை உண்டாக்குவதில்லை.

அணுக்களுக்குள் நடப்பது பற்றி அண்மைக் காலத்தில் ஓரளவு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. டி அணுக்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைக் கொண்டு அவற்றைச் சி.டி.4 வகை, சி.டி.8 வகை என்று பிரிப்பார்கள் (ஸ்கேனுக்கும் இந்தச் சி.டி.க்கும் தொடர்பில்லை). 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், சி.டி.4 வகை நோய் கொண்ட ஐவரில் நால்வரிடம் ஸ்டாட்3, ஜாக்2 என்னும் இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது கண்டறியப்பட்டது. அணுவைப் பெருகச் சொல்லும் கட்டளைகள் செல்லும் பாதையில் அமைந்தவை இவை. இரண்டும் இணைந்துவிட்டால், வெளியிலிருந்து கட்டளை வராதபோதும் அணு பெருகிக்கொண்டே இருக்கும். சி.டி.8 வகையில் வேறு மரபணு மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. இவை பிறவியிலேயே அமைந்தவையல்ல, வாழ்நாளின் இடையில் அந்த ஓர் அணுவில் மட்டும் நேர்ந்தவை. குரோன் நோய் போன்ற நீடித்த குடல் அழற்சி உள்ளவர்கள் சிலரிடமும் இந்நோய் பதிவாகியுள்ளது.

எப்படி உறுதிசெய்கிறார்கள்?

இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய முடியாது. ஸ்கேனும் போதாது: சி.டி. ஸ்கேனில் குடற்சுவர் சற்றுத் தடித்துத் தெரியலாம், அருகிலுள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) சிறிது பெருத்திருக்கலாம். பெட் ஸ்கேனில் பெரும்பாலும் மங்கலாகவோ ஒன்றும் இல்லாதது போலவோதான் தெரியும். எண்டோஸ்கோப்பியில் உட்சவ்வு சிவந்தோ, சிறு முடிச்சுகளும் விழுதுகளுமாகவோ, மேலோட்டமான புண்களுடனோ காணப்படலாம். சிலரிடம் கண்ணுக்கு இயல்பாகவே தெரியும். எனவே, சந்தேகம் இருந்தால் இயல்பாகத் தெரியும் இடங்களிலிருந்தும் பல துணுக்குகளை எடுக்க வேண்டும்.

நோயைத் தீர்மானிக்கும் இடம் நோய்க்குறியியல் ஆய்வகம்தான். அங்கே முதலில், அணுக்கள் சிறியவையா, சுரப்பிகளைச் சிதைத்துள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பிறகு சாயச் சோதனைகளால் அவை டி அணுக்களா, எந்த வகை என்று பிரித்தறிகிறார்கள். சி.டி.56 என்ற புரதமும் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தடயமும் இருக்கின்றனவா என்று தேடுவது முக்கியம். இந்நோயில் பொதுவாக இரண்டும் இருப்பதில்லை. நோயாளி தம் அறிக்கையில் தேடிப் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டென்றால் அது கி-67. பெருகிக்கொண்டிருக்கும் அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்பதை அது காட்டும். இந்நோயில் அது பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்குக் கீழே, பலரிடம் 5-க்கும் கீழே இருக்கும். தீவிரமான குடல் லிம்போமாக்களில் 50-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இறுதியாக, அணுக்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று மரபணுச் சோதனை செய்யப்படுகிறது. ஒரே மூலம் என்று வந்தாலே லிம்போமா என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அழற்சி நோய்கள் சிலவற்றிலும் அவ்வாறு வருவதுண்டு. நுண்ணோக்கித் தோற்றம், சாயச் சோதனை, மரபணுச் சோதனை, நோயாளியின் வரலாறு ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

வேறு எந்த நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தவறு இரு திசையிலும் நேரலாம்: சாதாரண அழற்சியென்று எண்ணி இதைத் தவறவிடலாம், தீவிரமான லிம்போமா என்று எண்ணித் தேவையற்ற கடும் சிகிச்சை கொடுத்துவிடலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, வயிற்று வலி என்று ஒருவர் வந்தால், முதலில் நினைவுக்கு வர வேண்டியது தொற்றுகளே. இந்தியாவில் அவற்றுள் முதன்மையானது குடல் காசநோய். ஆதாரம் முழுமையாகக் கிடைக்காத நிலையில் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்ப்பது இங்கே வழக்கம். அது தவறென்று சொல்ல முடியாது. ஆனால், மருந்து தொடங்கிய ஓரிரு மாதங்களில் அறிகுறிகளிலும், பின்னர் செய்யும் கொலனோஸ்கோப்பியிலும் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால், ஆறு மாதச் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் நோய்முடிவையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். தென்னிந்தியாவில் மற்றொரு சாத்தியம், சிறுகுடல் சத்துகளை உறிஞ்ச முடியாமல் போகும் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1960-களிலேயே சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவியதைப் பதிவுசெய்த அந்த நோய், டெட்ராசைக்ளின், ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது.

சீலியாக் நோய் கோதுமையிலுள்ள குளூட்டனால் வருவது. அதில் இரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) தென்படும், கோதுமையை நிறுத்தினால் குடல் மீளும். டி அணு நோயிலும் குடல் விரல்கள் (சத்துகளை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) தட்டையாகிவிடுவதுண்டு என்பதால், அறிக்கையில் சீலியாக் என்று எழுதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கோதுமையைத் தவிர்த்தும் பயன் காணாதவர்கள் இருக்கிறார்கள். குரோன் நோயென்று கருதப்பட்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களும் உண்டு.

மறுபக்கத்தில் இருப்பவை அச்சமூட்டும் லிம்போமாக்கள். ஆசிய மக்களிடம் ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படும் ஒரு குடல் டி அணு லிம்போமா, உட்சவ்வின் மேல்தோலுக்குள் கூட்டமாகப் புகுந்து, குடற்சுவரையே துளைத்து ஓட்டையாக்கிவிடக்கூடியது. அதன் அணுக்களும் பெரும்பாலும் சி.டி.8 வகையாகவே இருக்கும்; ஆனால் சி.டி.56 புரதம் பெரும்பாலும் இருக்கும், கி-67 மிக அதிகமாக இருக்கும். சிறு துணுக்கை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரிப்பது அனுபவமிக்கவர்களுக்கே கடினம்.

டி அணு லிம்போமா என்று அறிக்கை வந்துவிட்டது. உடனே கீமோ தொடங்க வேண்டுமா?

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தொடங்குவதற்கு முன் அந்த ஸ்லைடுகளை லிம்போமாவில் தனித்தேர்ச்சி பெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் மறுபார்வைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இது மருத்துவரை அவமதிப்பதாகாது. அரிய நோய்களில் அவரே விரும்பும் ஏற்பாடுதான். மெழுகில் பதித்த திசுத் துண்டான ‘பிளாக்’கையும் ஸ்லைடுகளையும் எழுத்து மூலம் விண்ணப்பித்து மருத்துவமனையிலிருந்து பெற்றுக்கொள்ளலாம்; அவற்றை வெயில் படாத இடத்தில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் பிளாக் உருகிப்போகும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன 2013 ஆய்வே சான்று. அந்தப் பத்துப் பேரில் ஆறு பேருக்கு, தீவிர டி அணு லிம்போமா என்று முதலில் முடிவுசெய்யப்பட்டதால் கீமோ கொடுக்கப்பட்டது. நோய் சிறிதளவே குறைந்தது, அல்லது குறையவேயில்லை. மற்ற நான்கு பேருக்குச் சிகிச்சை எதுவும் தரப்படாமல் கண்காணிப்பு மட்டுமே. 9 மாதம் முதல் 175 மாதம் வரை தொடர்ந்து பார்த்ததில், ஒன்பது பேர் நோயோடு உயிர் வாழ்ந்தார்கள். ஒருவரிடம் நோயின் அடையாளமே இல்லை. கீமோ மருந்துகள் பொதுவாக விரைந்து பெருகும் அணுக்களையே தாக்குபவை. நூறில் ஐந்துகூடப் பெருகாத கூட்டத்தில் அவற்றுக்கு இலக்கே மிகக் குறைவு. பக்கவிளைவுகளோ முழுமையாக வந்து சேரும். என் பார்வையில், இந்நோயாளிகளுக்கு நேரக்கூடிய தீங்கில் பெரும்பங்கு நோயிலிருந்து வருவதைவிட அவசரச் சிகிச்சையிலிருந்தே வருகிறது.

பிறகு என்னதான் சிகிச்சை?

தொல்லை குறைவாக இருப்பவர்களுக்குக் கண்காணிப்பே சிகிச்சை. வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மிகுந்தவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. பியூடெசனைடு என்னும் ஸ்டீராய்டு குடலில் வேலை செய்துவிட்டு, இரத்தத்தில் கலப்பதன் பெரும்பகுதி கல்லீரலில் சிதைக்கப்படுவதால், நீண்டகாலப் பயன்பாட்டில் பிரெட்னிசலோனைவிடப் பக்கவிளைவு குறைவானது. இவை அறிகுறிகளைத் தணிக்கின்றன. அணுக் கூட்டத்தை முற்றிலும் அகற்றுவது அரிது. எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்துகளும், ஸ்டாட்3–ஜாக்2 இணைப்பு கண்டறியப்பட்டவர்களிடம் ஜாக் தடுப்பு மருந்துகளும் கருதப்படுகின்றன. நோயாளிகள் மிகச் சிலரே என்பதால் அவற்றைப் பெரிய அளவில் ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வுகள் இல்லை. ஒரே இடத்தில் தங்கிய நோய்க்கு அறுவையோ கதிர்வீச்சோ பயன்படக்கூடும், ஆனால் நோய் பெரும்பாலும் பரவலாக இருப்பதால் அத்தகைய வாய்ப்பு குறைவு.

நம் ஊரில் ஸ்டீராய்டு தொடங்குமுன் மூன்று விஷயங்களை உறுதிசெய்ய வேண்டும்: மறைந்திருக்கும் காசநோய், ஹெபடைடிஸ் பி, மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் புழு. ஸ்டீராய்டின் நிழலில் இம்மூன்றும் வேகமாகப் பெருகி உயிரையே பறிக்கக்கூடியவை.

இது தீவிர நோயாக மாறுமா?

மாறலாம், ஆனால் சிலரிடம் மட்டும். பல ஆண்டுகள் அமைதியாக இருந்த பிறகு தீவிர லிம்போமாவாக மாறியவர்கள் பதிவாகியுள்ளனர், அவர்களில் சி.டி.4 வகையினரே ஒப்பீட்டளவில் அதிகம். விளக்கமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, சில வாரங்களில் வேகமாக இறங்கும் எடை, புதிதாகத் தோன்றும் நெறிக்கட்டி, இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு ஏறுவது ஆகியவை மாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டிய குறிகள். அப்போது மறுபடியும் பயாப்சி எடுத்துக் கி-67-ஐப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது. திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, வயிறு கல்லாக இறுகுதல், கருநிற மலம் ஆகியவை அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசரம்.

எவ்வளவு காலம் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்?

வாழ்நாள் முழுவதும். எல்லோருக்கும் பொருந்தும் கால அட்டவணை வகுக்கப்படவில்லை. தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், நிலைமை சீரான பிறகு இடைவெளியைக் கூட்டியும் பார்ப்பதே வழக்கம். குடல் நோய் மருத்துவர், இரத்தவியல் மருத்துவர் இருவரும் சேர்ந்து கவனிப்பது நல்லது. நன்றாக இருக்கிறதே என்று ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நின்றுவிடுபவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் மாற்றம் நிகழ்ந்தவர்களில் சிலருக்கு அது அதற்கும் பிறகே நிகழ்ந்தது.

இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்தால் சரியாகுமா?

ஆகாது. அக்கிருமியை ஒழித்தால் பின்வாங்கக்கூடியது பி அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளை அணுக்களிலிருந்து தோன்றும் மால்ட் லிம்போமா. அது வேறு நோய். கிருமி இருந்தால் அதற்குரிய சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம்.

உணவில் எதைச் சேர்க்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்?

நோயைக் குறைக்கும் உணவு என்று எதுவும் இல்லை. சீலியாக் உறுதியாகாதவர்கள் கோதுமையைத் தவிர்ப்பதால் பயனில்லை. வயிற்றுப்போக்கு மிகுந்த நாட்களில் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தயிரும் மோரும் பலருக்குத் தாங்கும். குழைந்த சாதம், இட்லி, பாசிப்பருப்பு, முட்டை, மீன் என்று எளிதில் செரிப்பவற்றைச் சிறு சிறு அளவில் பலமுறை உண்ணலாம். நீரிழப்புக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலே சிறந்தது. சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு பி12 மாத்திரை உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் ஊசி தேவைப்படும். இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி அளவுகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. பேதியாகும் மூலிகைகள் இந்நிலையில் நேரடியாகத் தீங்கு செய்பவை.

காப்பீட்டு நிறுவனம் இதைப் புற்றுநோயாக ஏற்குமா?

இங்கேதான் பெயர்ச் சிக்கல் பணச் சிக்கலாகிறது. இந்தியாவில் கொடிய நோய்க் காப்பீடுகளுக்கு வகுக்கப்பட்ட பொது வரையறை, புற்றுநோய் என்பதில் லிம்போமாவையும் சேர்த்திருக்கிறது. அதே சமயம், கட்டுக்கடங்காத வளர்ச்சியும் இயல்பான திசுக்களின் அழிவும் இருக்க வேண்டும் என்றும், திசுப் பரிசோதனை அதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அறிக்கையில் கோளாறு என்று மட்டும் இருந்தால் கோரிக்கை தள்ளுபடியாகலாம். லிம்போமா என்றிருந்தாலும் திசு அழிவு இல்லை என்ற வரியைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. சாதாரண மருத்துவமனைச் செலவுக் காப்பீட்டில் இந்தத் தகராறு பொதுவாக எழுவதில்லை. கோரிக்கை வைக்கும் முன், உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பின்படி நோயின் முழுப் பெயரைக் குறிப்பிட்டு ஒரு சான்று எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும், அங்கும் தீராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலரான காப்பீட்டு ஓம்புட்ஸ்மனுக்கும் முறையிடலாம். ஓம்புட்ஸ்மனிடம் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.